சர்மினின் கோணல்

சும்பர்வாரு ஊர்ப் பள்ளிவாசலில் இமாம் துல்காமித், ஐந்து வேளையும் தொழுகையைத் தொடங்குமுன் பின்னால் திரும்பி இரண்டு வாக்கியம் சொல்வார். முதலாவது எல்லா ஊர் இமாமும் சொல்வதுதான்: "வரிசைய நேராக்குங்க." இரண்டாவது வேறெந்த ஊரிலும் சொல்லப்படாதது: "காங் சர்மின், நீங்களுந்தான்."

இமாமைவிட நாலு வயது மூத்தவர் சர்மின். அதனால்தான் 'காங்', அதாவது அண்ணன் என்கிற மரியாதை. அந்த மரியாதை குறையாமலேயே முப்பது வருடமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில், வலது கோடியில், ஜன்னலோரம் அவர் இடம். எல்லோரும் நேரே நிற்க, அவர் மட்டும் வலப்பக்கம் திரும்பி நிற்பார், யாரோ ஜன்னல் வழியே கூப்பிட்டதுபோல. கேட்டால் இடுப்பு என்பார். கொத்தனார் வேலையில் சாரத்திலிருந்து விழுந்த இடுப்பாம். விழுந்தது உண்மைதான். மணல் குவியல்மேல் விழுந்து, எழுந்து, பாதியில் விட்ட டீயைக் குடித்துவிட்டு மறுபடி சாரம் ஏறினார். சைக்கிளில் இரண்டு மூட்டை சிமென்ட்டோடு மேடேறும்போது அந்த இடுப்பு வலிக்காது. தென்னை மரம் ஏறும்போதும் வலிக்காது. பாங்கு சொன்னதும் வலிக்க ஆரம்பிக்கும்.

போதாக்குறைக்கு அந்த ஜன்னலோரம் தரையில் நான்கு கற்கள் கோணலாகப் பதிந்திருந்தன. பள்ளிவாசலைக் கட்டியவரே சர்மின்தான். ஆயிரத்துச் சொச்சம் கற்களை நூல் பிடித்தாற்போல் பதித்தவர், சரியாகத் தான் நிற்கும் இடத்தில் நான்கை மட்டும் கோணலாக வைத்திருந்தார். கம்பளம் மாற்றும்போதெல்லாம் ஊர் அந்த நான்கு கற்களைப் பார்த்துச் சிரிக்கும். "அன்னைக்கு நோன்பு. தல சுத்திருச்சு," என்பார் சர்மின். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. இந்த ஒரு மனிதரின் விஷயத்தில் மட்டும் கூடம் உண்மையாகவே கோணல்.

தொழும்போது பார்க்க வேண்டிய கிப்லா திசை மக்கா; அது எங்கள் ஜாவாவுக்கு நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வலப்பக்கமாக, ஒரு கதவைக் கால்வாசி திறந்த அளவுக்குத் திரும்ப வேண்டும். சும்பர்வாரு பள்ளிவாசலோ நேர் மேற்கைப் பார்த்து நின்றது. அதாவது, முப்பத்தெட்டு வருடமாக ஊரே பக்தியோடு ஆப்பிரிக்காவை நோக்கித் தொழுதுகொண்டிருந்தது. இது தெரிந்த ஒரே ஆண்பிள்ளை, அதைக் கட்டிய ஆள்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வருடம் எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வந்தது. சாலையையும் பள்ளிவாசலையும் ஒரே நாளில் திறந்து வைக்க மாவட்டத் தலைவர் வருவதாக ஏற்பாடு. இருபத்தேழு வயது சர்மின் அஸ்திவாரத்துக்கு முளையடித்து நூல் கட்டிவிட்டு நின்றபோது, ஊர்த்தலைவர் பிராவிரோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நூலைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

"என்னடா சர்மின், ரோடு ஒரு பக்கம் போகுது, பள்ளிவாசல் ஒரு பக்கம் போகுது?"

"கிப்லா அப்படித்தாங்க இருக்கு, பாக். கூதுஸ் டவுன்ல மதரசா கட்டுனப்போ அங்க இருந்த பெரியவரு நிழல் பிடிச்சுக் காட்டிக் குடுத்தாரு. அதே மாதிரி நானும் பிடிச்சுப் பார்த்துட்டேன்." பெரியவர்களுக்கு எங்கள் பக்கம் 'பாக்', அதாவது ஐயா.

"போட்டோல எப்படித் தெரியும்னு யோசிச்சியா? குடிகாரன் கட்டுனாப்ல இருக்கும். நாடே முன்னேறிட்டிருக்கு, நீ கோணலா ஒண்ணு கட்டுவியா? ரோட்டுக்கு நேரா வை."

"பாக், இது தொழுகை விஷயம்..."

"கிழக்கும் மேற்கும் அல்லாவோடதுதான்னு வேதத்துலயே இருக்கு. அவனுக்கே ஆட்சேபணை இல்ல, உனக்கென்ன?" ஊர்த்தலைவர் அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க மாமா பேரு அந்தப் பழைய லிஸ்ட்ல இருந்துச்சுல்ல? அதுல இன்னும் எடம் இருக்குப்பா."

சர்மினின் மாமா ஒரே ஒருநாள் விவசாயிகள் கூட்டமொன்றில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றவர். கம்யூனிஸ்டுகளை ராணுவம் வேட்டையாடிய வருடம், அந்தக் கடலைக்காக அவரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். வீட்டில் சர்மினின் மனைவி தூமிரா ஏழு மாதம். அவர் குனிந்து முளைகளைப் பிடுங்கினார். அப்போதைய இமாம், துல்காமித்தின் தகப்பனார், எட்டிப் பார்த்து, "மேற்குன்னா மேற்குதான், இதுல என்ன அளவு," என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். பள்ளிவாசல் சாலைக்கு இணையாக, ராணுவ வீரன்போல விறைப்பாக எழுந்தது. போட்டோ நன்றாக வந்தது.

தரை போடும் அன்று மட்டும் சர்மினுக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலோரம் நான்கு கற்களைச் சரியான திசைக்குத் திருப்பிப் பதித்தார். அன்றிலிருந்து அவற்றின்மேல்தான் தொழுகை.

வீட்டிலும் அப்படித்தான். தொழும் அறையைச் சரியான கிப்லாவுக்குக் கட்டிவிட்டார். விளைவு, அறைக்குள் ஒரு கூர்மூலை. அதில் கட்டிலும் சேராது, அலமாரியும் சேராது, கோழிதான் போய் முட்டையிடும். தூமிராவுக்கு விஷயம் முழுக்கத் தெரியும்.

"ஊரு மொத்தமும் ஆப்பிரிக்காவுக்குப் போகுது. நீயும் நானும் இந்தக் கோழியும் மட்டும் மக்காவுக்கு," என்பாள்.

"மெதுவாப் பேசு, மாக்னே. சுவத்துக்குக் காது இருக்கு."

"நீ கட்டுன சுவருதான, பாக்னே? அதுக்குக் காதே கோணலாத்தான் இருக்கும்."

எங்கள் பகுதியில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவது பாக்னே, புருஷன் பெண்டாட்டியை மாக்னே. பிள்ளைகளின் அப்பா, பிள்ளைகளின் அம்மா என்று பொருள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சாப்பாடு ருசிக்காது. துல்காமித்தின் தகப்பனார் மவுத்தானபோது வீட்டார் எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் சர்மின். என்ன பாசம், என்ன விசுவாசம் என்று ஊர் மெச்சியது. பெரியவர் கடைசிவரை தப்பான பக்கம் பார்த்துத் தொழுதுவிட்டுப் போனாரே என்று அழுதது தூமிராவுக்குத்தான் தெரியும். ஊர்த்தலைவர் பிராவிரோ செத்தார், ஆட்சி மாறியது, பயப்படக் காரணமெல்லாம் போயிற்று. ஆனால் பத்து வருடம் மறைத்ததைப் பதினோராம் வருடம் எப்படிச் சொல்வது? இருபது வருடம் மறைத்ததை? சொன்னால் தன்னைப் பள்ளிவாசல் படியில் ஏற்றுவார்களா என்பது ஒன்றே அவர் பயமாக ஆயிற்று. துல்காமித் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அதைவிடப் பெரிய பயம்.

பிறகு செல்போன் வந்தது. பெருநாளுக்கு ஜகார்த்தாவிலிருந்து வந்த ஒருவர் பள்ளிவாசலில் போனைத் தரையில் வைக்க, அதிலிருந்த முள் வலப்பக்கம் திரும்பி நின்றது. சீனாக்காரன் செய்த போனுக்கு மக்கா எப்படித் தெரியும் என்று ஊர் கேட்டது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டவர் சர்மின். "போன நம்பித் தொழுதா, சார்ஜ் போகும்போது தொழுகையும் போயிரும்!" என்றார். ஊரே கைதட்டியது. அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

போனை மடக்கிவிடலாம். இபு நுர்லைலாவை மடக்க முடியவில்லை. மதரசாவில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் அவர்; 'இபு' என்றால் அம்மா. உயரம் ஐந்தடிக்கும் குறைவு, குரல் பத்தடி. நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது இமாமிடம் வந்து, "மே இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் நாலு பதினெட்டுக்குச் சூரியன் மக்காவுல கஃபாவுக்கு நேர் மேல நிக்கும், பாக். அந்த நிமிஷம் எதோட நிழலப் பிடிச்சாலும் கிப்லா தெரிஞ்சிரும். போன் வேணாம், கரண்டு வேணாம். ஒரு கயிறும் கொத்தனார் தூக்குக் குண்டும் போதும்," என்றார்.

துல்காமித் தாடியைத் தடவி யோசித்தார். "சூரியன் சீனாவுல செய்யல. சரி, பார்த்துருவோம்."

இதில் எரிச்சலானவர் இப்போதைய ஊர்த்தலைவர் ஹெண்ட்ரோ. செத்துப்போன பிராவிரோவின் மகன். மூன்று மாதத்தில் தேர்தல். நோன்புக்கென்று பள்ளிவாசலுக்குப் பச்சைக் கம்பளம் வாங்கிக் கொடுத்திருந்தார். சுவருக்குச் சுவர் அளந்து வெட்டி, வரிசைக்கு வரிசை கோடு நெய்து, ஓரத்தில் தன் பெயரையும் பொன்னிறத்தில் பொறித்து வந்த கம்பளம். வரிசை திரும்பினால் கம்பளம் கந்தல்.

"எங்கப்பா காலத்துல கட்டுனது. எங்கப்பா தப்புப் பண்ணுவாரா?" என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு போனார். அதற்குப் பதில் தெரிந்த ஆள், ஏணியில் ஏறி யாருடைய கூரைக்கோ ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். அவரிடமும் வந்து கேட்டார் ஹெண்ட்ரோ.

"என்ன பாக் சர்மின், நீங்கதான கட்டுனீங்க? நேராத்தான இருக்கு?"

"ரோட்டுக்கு நேராத்தான் இருக்கு," என்றார் சர்மின். அது ஒரு பொய் கூட இல்லை.

மறுநாள் நுர்லைலா சர்மின் வீட்டு வாசலில் வந்து நின்றார். தூக்குக் குண்டு வேண்டுமாம். ஊரில் நம்பிக்கையான குண்டு சர்மினுடையதுதானாம். குண்டை மட்டுமில்லை, நடுங்காமல் பிடிக்கிற கையையும் கேட்டார். சர்மின் இடுப்பைப் பிடித்தார்.

"இடுப்புக்கு என்ன வேலை? கைதான பிடிக்கப் போகுது," என்றாள் உள்ளேயிருந்து தூமிரா. டீச்சர் போனதும் வெளியே வந்தாள். "சொல்லிரு, பாக்னே. நாளைக்குச் சூரியன் சொல்றதுக்குள்ள நீ சொல்லிரு."

"மழ வந்தாலும் வரும்."

"மழ வந்தா ஜூலைல அந்த நிமிஷம் இன்னொரு தடவ வருமாம். டீச்சரு அதையும் சொல்லிட்டுத்தான் போயிருக்கு. சூரியனுக்கு உன்ன மாதிரி பயம் கிடையாது, சர்மின்."

பேர் சொல்லிவிட்டாள்.

மழை வரவில்லை. அது இரண்டாம் நோன்பு. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. நோன்புப் பசியோடு கூடியிருந்தது. பின்கட்டில் பெண்கள் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்டு வாழைப்பழக் கோலாக் காய்ச்சிக்கொண்டிருக்க, அந்த வாசனை எல்லோருடைய ஈமானையும் சோதித்தது. புதுக் கம்பளம் விரிப்பதற்காகப் பழையதைச் சுருட்டியிருந்ததால் உள்ளே தரை வெறுமையாகக் கிடந்தது. ஹெண்ட்ரோ புதுக் கம்பளச் சுருளின்மேல், புதையலைக் காக்கிற பாம்பு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூன்று மூங்கிலைக் கூட்டிக் கட்டி, அதிலிருந்து சர்மின் தன் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு அலையாமலிருக்க நூலை விரலால் பிடித்துக்கொண்டார்.

"மூச்ச விடுங்க, பாக். நூலு ஆடுது," என்றார் நுர்லைலா.

நாலு பதினேழு. ஒரு சிறு மேகம் சூரியன் பக்கம் நகர்ந்தது. சர்மின் அதை ஆசையோடு பார்த்தார். அது விலகிப் போயிற்று. நாலு பதினெட்டு. நூலின் நிழல் சிமென்ட் தரையில் கத்திபோல் விழுந்தது. டீச்சர் மண்டியிட்டு நிழல்மேல் சாக்கட்டியால் கோடு போட்டார். பார்த்த அத்தனை பேரும் பெருமூச்சு விட்டார்கள். கோடு பள்ளிவாசல் சுவரை ஒட்டிப் போகாமல், சுவரோடு கோபித்துக்கொண்டதுபோல் சாய்ந்து போனது.

"கோட்ட உள்ளயும் இழுத்துருவோம்," என்றார் இமாம், குரல் சற்றே இறங்கி.

சாக்கட்டிக் கோட்டின்மேல் ஒரு நீள நூலைப் பிடித்தார்கள். அதே சாய்வில் அது ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. ஒரு முனையை முற்றத்தில் ஒருவர் மிதித்துக்கொள்ள, மறுமுனையை நுர்லைலா உள்ளே தரையோடு அழுத்திப் பிடித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நூல், ஜன்னலோரத்து நான்கு கோணல் கற்களின் இடுக்கில், மயிரிழை பிசகாமல் படுத்திருந்தது.

பின்கட்டில் கரண்டி சத்தம் மட்டும் கேட்டது.

"இந்த நாலு கல்ல யாரு பதிச்சது?" என்றார் நுர்லைலா. அவர் வெளியூர்க்காரர். மற்ற எல்லோரும் சர்மினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

துல்காமித் நெருங்கி வந்தார். கற்களைப் பார்த்தார். அந்தக் கற்களின்மேல் முப்பது வருடமாகத் தான் திட்டித் திட்டி நேராக்கப் பார்த்த கால்களைப் பார்த்தார்.

"நோன்புல தல சுத்துச்சுன்னு சொன்ன."

சர்மின் அந்தக் கற்களைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"தெரிஞ்சிருக்கு உனக்கு. எனக்குப் பின்னால நின்னுக்கிட்டு, நீ மட்டும் சரியாத் தொழுதிருக்க. எங்கப்பா... எங்கப்பாவுக்கு ஜனாஸாத் தொழுகை நான்தான் தொழ வெச்சேன். அப்பவும் நீ திரும்பித்தான் நின்ன. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா, சர்மின்?"

காங் போயிற்று. நீங்க போயிற்று. இத்தனை வருடம் பயந்த அடி இதுதான் என்று சர்மினுக்குத் தெரிந்தது. அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னார்: முளை, நூல், மோட்டார் சைக்கிள், போட்டோ, மாமா தின்ற வேர்க்கடலை, இன்னும் இடமிருந்த அந்த லிஸ்ட்.

"முதல்ல பயத்துல சொல்லல. அப்புறம் வெக்கத்துல சொல்லல. ஒவ்வொரு வேளையும் நீங்க 'நேராக்குங்க'ன்னு சொல்லும்போது, இன்னைக்குச் சொல்லிரலாம்னு நெனப்பேன். அதுக்குள்ள தொழுகைக்குத் தக்பீர் கட்டிருவீங்க," என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுதார்.

கம்பளச் சுருள்மேல் இருந்த ஹெண்ட்ரோ எழுந்தார். "எங்கப்பா மேல பழி போடுறியா?" என்று தொடங்கியவர், கூட்டத்தின் முகங்களைப் பார்த்தார். அங்கே நரைத்த தலைகள் ஒன்றையொன்று பார்த்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தன. அந்த லிஸ்ட் எல்லா வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டியிருந்தது. ஹெண்ட்ரோ கணக்குத் தெரிந்த அரசியல்வாதி. தன் தகப்பனுக்குத் தேர்தலில் ஓட்டு இல்லை, இவர்களுக்கு இருக்கிறது. "...அதாவது, தப்பு யார் பண்ணாலும் அதத் திருத்துறதுதான் தலைமை," என்று முடித்தார். அடுத்த வாரமே சந்தையில் அவர் படம் போட்ட பேனர் ஒன்று ஏறியது: கிப்லாவை நேராக்கிய தலைவர். கம்பளத்தைக் குறுக்கே வெட்டியதில் மிஞ்சிய முக்கோணத் துண்டுகள் இன்றைக்கும் பல வீடுகளில் மிதியடியாகக் கிடக்கின்றன. பொன்னிறப் பெயரில் பாதி தூமிரா வீட்டு வாசலில் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு, அந்தச் சாயங்காலம், துல்காமித் இமாம் நிற்கும் மாடமான மிஹ்ராபுக்குள் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் தொழ வைத்த தொழுகைகள் கூடுமா, செல்லுமா என்று ஒருவர் மெல்லக் கேட்டதற்கு, "தெரியாமப் பண்ணுனது கூடும்," என்றார். தெரிந்து பண்ணியவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சர்மின் குண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கப் போனார்.

படியில் தூமிரா கோலாக் பாத்திரத்தோடு நின்றாள். "எங்க போற? பாங்கு சொல்லப் போறாங்க."

"அவங்க மூஞ்சியில..."

"மூஞ்சியப் பார்த்தா தொழுவாங்க? போ உள்ள."

பாங்கு வந்தது. ஒரு வாய் கோலாக்கோடு நோன்பைத் திறந்துவிட்டு ஊர் உள்ளே திரண்டது. வெறும் தரையில், நூலின் சாய்வுக்கே பிளாஸ்டிக் கயிறு இழுத்து வரிசை குறித்திருந்தார் நுர்லைலா. அவ்வளவுதான், ரகளை. பழக்கம் நேராக இழுக்க, கயிறு குறுக்கே இழுக்க, ஒருவர் தோள் இன்னொருவர் மூக்கில் இடித்தது. முன்வரிசையின் இடக்கோடியில் இருந்தவர் வரிசை தீர்ந்துபோய் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றார். மிஹ்ராபுக்குள் நின்று பழகிய இமாம், தூணுக்கும் மின்விசிறி சுவிட்சுக்கும் நடுவே இடம் தேடி நின்றார். கடைசியில் எப்படியோ எல்லோரும் மக்காவைப் பார்த்து நின்றார்கள். எங்கள் ஊர் வரலாற்றில் முதல் முறை.

சர்மின் கடைசி வரிசையின் வலக்கோடிக்குப் போனார். தலையைத் தூக்கவில்லை. நூறு முதுகுகளும் தன்னைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

துல்காமித் திரும்பினார். வரிசைகளை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார். "வரிசைய நேராக்குங்க," என்றார். பிறகு பார்வை கடைசி வரிசையின் வலக்கோடியில் நின்றது.

அங்கே சர்மின், முப்பத்தெட்டு வருடப் பழக்கத்தில், புது வரிசையிலிருந்தும் அதே அளவு வலப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஊரே மக்காவைப் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் இப்போது ரஷ்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். துல்காமித்தின் தாடி ஆடியது. சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை.

"காங் சர்மின்," என்றார் இமாம், "நீங்களுந்தான்."